ஒரு சிலந்திக் குஞ்சும் ஓர் அமானிதமும்



இல்லங்களில் நிகழும் சிறு சம்பவங்களிலிருந்து நாம் பெறத்தக்க படிப்பினைகளை இப்பகுதியில் திங்கள்தோறும் பகிர்ந்து வருகிறோம். இம்முறை நான் எழுதவிருப்பது பிராணி வளர்ப்பைப் பற்றியதா, பிள்ளை வளர்ப்பைப் பற்றியதா என்று கேட்டால், இரண்டும்தான் என்பேன்.

தருமபுரி நகரிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது வத்தல்மலை. இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே ஏறினால் பெரியூர், பால்சிலம்பு, சின்னாங்காடு என்று சிற்றூர்கள் விரியும். மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக அங்கு வாழ்ந்து சாமையும் கேழ்வரகும் பயிரிட்டு வருகின்றனர். காப்பியும் மிளகும் கூட அங்கே விளைகின்றன. என் இளைய சகோதரியின் கணவர் அம்மலையில் காப்பிக் கொட்டையும் மிளகும் கொள்முதல் செய்பவர். அறுவடைக் காலத்தில் குடும்பத்துடன் மேலே ஒரு வாடகை வீட்டில் தங்குவார். குளிர் சற்றுக் கடுமையாக இருந்த ஒரு வாரத்தில் நானும் என் தாயாரும் அங்கு விருந்தினராகச் சென்றிருந்தோம். பெங்களூரில் கல்லூரியில் பயிலும் என் சகோதரியின் மூத்த மகனும் விடுமுறைக்கு வந்திருந்தான்.

மறைக்கப்பட்ட ஒரு பகல்

நாங்கள் சென்ற மறுநாள் அந்தப் பையனிடம் ஒரு புதுமையைக் கண்டோம். யாரும் சொல்லாமலேயே துடைப்பத்தை எடுத்து வீட்டைப் பெருக்கினான். அலமாரியை நகர்த்தினான். படுக்கை விரிப்புகளை வெளியே கொண்டுபோய் உதறினான். "வெளியூரில் தங்கிப் படித்ததில் பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது" என்று என் சகோதரி பூரித்துப்போனாள்.

இஷாத் தொழுகை முடிந்தது. ஏழு வயதுச் சிறுமியான அவன் தங்கைக்குத் தரையில் பாய் விரிக்கப்பட்டது. அப்போதுதான் அவன் பதறி எழுந்து, "அம்மா, தங்கச்சியைத் தரையில் படுக்க வைக்காதீர்கள்!" என்றான். ஏன் என்று கேட்டதும் தலை கவிழ்ந்தது. பிறகு உண்மை வெளிவந்தது.

பெங்களூரில் ஒரு வளர்ப்புப் பிராணிக் கடையில் அவன் டாரன்டுலா எனப்படும் பெருஞ்சிலந்தியின் குஞ்சு ஒன்றை வாங்கியிருக்கிறான். கால்களையெல்லாம் விரித்து வைத்தாலும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கும் அளவு. பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் தென்னை நார்த்தூளைப் போட்டு, மூடியில் ஆணியால் துளையிட்டு, பையில் மறைத்து மலைக்குக் கொண்டுவந்துவிட்டான். அன்று காலை பார்த்தபோது டப்பாவில் அதைக் காணவில்லை. திட்டுவார்கள் என்று அஞ்சி ஒரு பகல் முழுவதும் தானே தேடியிருக்கிறான். நாங்கள் பொறுப்பு என்று எண்ணி மகிழ்ந்தது உண்மையில் அச்சம்தான்.

என் மைத்துனர் கோபத்தில் எழுந்து மிளகு மூட்டைகள் இருந்த அறைக்குப் பூச்சி மருந்து எடுக்கச் சென்றார். "ஒரு பூச்சிக்காக என் மகளின் உயிரோடு விளையாட முடியுமா?" என்றார். ஒரு தந்தையின் நிலையில் அந்தக் கேள்வி நியாயமானதே. என் தாயார் மட்டும் அமைதியாக, "முதலில் பிள்ளையைக் கட்டிலில் தூக்கிப் படுக்க வையுங்கள். கோபத்தை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்" என்றார். அப்படியே செய்தோம். கட்டிலைச் சுவரிலிருந்து இரண்டு சாண் நகர்த்தி, கொசுவலையைக் கட்டி, அதன் ஓரங்களை மெத்தைக்கு அடியில் செருகினோம். கதவடைத்த வீட்டில், குழந்தை உறங்கும் அறையில் நஞ்சைத் தெளிப்பது சிலந்தியைவிடப் பெரிய கேடு என்று எடுத்துச் சொன்ன பின் மைத்துனரும் மருந்தைக் கீழே வைத்தார்.

அஞ்ச வேண்டியது எவ்வளவு?

இங்கே வாசகர்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. டாரன்டுலாச் சிலந்தி கடித்து, அதன் நஞ்சால் மனிதர் எவரும் இறந்ததாக மருத்துவ உலகில் உறுதியான பதிவு இல்லை. ஆயினும் தீங்கே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. அமெரிக்கக் கண்டத்து இனங்களில் பலவற்றுக்கு வயிற்றின் மேல் நுண்ணிய முடிகள் உண்டு. அச்சுறும்போது அவை பின்னங்கால்களால் அம்முடிகளை உதிர்த்து வீசும். தோலில் பட்டால் அரிப்பு. கண்ணில் பட்டால் பெருந்தொல்லை. நம் இந்தியாவிலும் இலங்கையிலும் மரப்பொந்துகளில் வாழும் பெருஞ்சிலந்திகளுக்கு அந்த முடிகள் இல்லை. ஆனால் அவற்றின் கடி கடும் வலியைத் தரும். தசைப்பிடிப்புச் சில நாட்கள் வரை நீடிப்பதும் உண்டு.

ஆகவே கடித்தால் சோப்பும் நீரும் கொண்டு கழுவி, குளிர்ந்த துணியை ஒற்றி, மருத்துவரிடம் செல்ல வேண்டும். மூச்சுத் திணறலோ முகவீக்கமோ கண்டால் சிறிதும் தாமதிக்கலாகாது. கடிவாயைக் கீறுவதும், கயிற்றால் இறுகக் கட்டுவதும் கூடாது. முடி கண்ணில் பட்டால் கசக்காமல் தண்ணீரால் அலசிக் கண் மருத்துவரைக் காண வேண்டும்.

தேடிய விதம்

மறுநாள் காலை ஃபஜ்ருக்குப் பின் முறையாகத் தேடத் தொடங்கினோம். முதலில் சோதிக்க வேண்டியது வீட்டையன்று, டப்பாவைத்தான். சிலந்திக் குஞ்சுகள் மண்ணைக் குடைந்து அதற்குள் பதுங்குபவை. காணோம் என்று வீட்டையே புரட்டிப் போட்டவர்கள், கடைசியில் டப்பாவின் அடி மண்ணிலேயே கண்டெடுப்பதும் உண்டு. பையன் இதைச் செய்யவே இல்லை. வெள்ளைத் துணி ஒன்றை விரித்து நார்த்தூளைச் சிறிது சிறிதாகக் கொட்டினோம். எட்டுக் கால்களுடன் ஏதோ ஒன்று விழுந்தது. "கிடைத்துவிட்டது!" என்று அவன் கூவினான். கிட்டச் சென்று பார்த்தால் அது வெறும் தோல். குஞ்சு தோலுரித்துவிட்டு, புதிய உடலோடு வெளியேறியிருக்கிறது. மூடியில் அவன் போட்டிருந்த துளைகளுள் ஒன்று சற்றுப் பெரிதாக இருந்தது. தலையும் மார்பும் சேர்ந்த முன்னுடல் நுழையக்கூடிய துளை போதும். வயிற்றுப் பகுதி மென்மையானது, ஒடுங்கி வெளியே வந்துவிடும்.

அடுத்து, பெருக்குவதை நிறுத்தினோம். துடைப்பம் அதைக் கண்டுபிடிக்காது, நசுக்கிவிடும். கதவிடுக்குகளில் ஈரத்துணியை அடைத்தோம். செருப்பு, தொங்கும் சட்டை, மடித்த போர்வை, சுருட்டிய தொழுகைப் பாய் ஆகிய அனைத்தையும் உதறிப் பார்த்த பின்னரே தொட வேண்டும் என்று வீட்டார் அனைவருக்கும் சொன்னோம். இத்தனை சிறிய குஞ்சு பசியைப் பல நாட்கள் தாங்கும்; வறட்சியைத் தாங்காது. எனவே அறை மூலைகளில் ஈர நார்த்தூள் இட்ட சிறு கிண்ணங்களைச் சாய்த்து வைத்தோம். பகலில் அது வெளிவராது. இரவில் விளக்கை அணைத்து, ஒரு மணி நேரம் கழித்து, கைவிளக்கைச் சுவர் ஓரமாகத் தாழ்வாகப் பிடித்து மெதுவாகத் தேடினோம். கையில் ஒரு கண்ணாடி டம்ளரும், தடித்த பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றும் இருந்தன. கண்டால் டம்ளரால் கவிழ்த்து, அட்டையை அடியில் செருகி எடுக்க வேண்டும். விரலால் பிடிக்கவே கூடாது. உயரத்திலிருந்து விழுந்தாலும் வயிறு கிழிந்து இறந்துவிடக்கூடிய உயிர் அது.

அன்றிரவு சமையலறைச் சுவரில் உள்ளங்கை அகலத்தில் ஒரு சிலந்தியைக் கண்டு என் சகோதரி அலறினாள். மைத்துனர் செருப்பை ஓங்கினார். பையன் குறுக்கே பாய்ந்து, "அத்தா, அடிக்காதீர்கள்! இது நம் வீடுகளில் வழக்கமாக இருக்கும் சிலந்திதான். கரப்பான் பூச்சியைப் பிடித்துத் தின்னும்" என்றான். பார்த்தால் தட்டையான உடல், நண்டுபோல் பக்கவாட்டில் விரிந்த கால்கள். நாம் அனைவரும் சிறு வயது முதல் சுவரிலும் பரணிலும் பார்த்துவரும் எட்டுக்கால் பூச்சிதான். "அப்படியென்றால் இத்தனை நாளும் இது நம்மோடுதான் குடியிருந்ததா?" என்று மைத்துனர் கேட்டபோது, இரண்டு நாட்களுக்குப் பின் முதன்முறையாக அந்த வீட்டில் சிரிப்பொலி கேட்டது.

மூன்றாம் நாள் விடியலுக்கு முன், ஒளூச் செய்யச் சென்ற என் தாயார் தண்ணீர்ப் பானையருகே கைவிளக்கை அடித்திருக்கிறார். பானையின் அடிப்பாகம் எப்போதும் கசிந்து ஈரமாக இருக்கும். அதை ஒட்டிய மணலில், குளிரில் விறைத்தாற்போல அசையாமல் அமர்ந்திருந்தது அந்தக் குஞ்சு. வீட்டிலேயே அதிகம் அஞ்சியவர் அவர்தான். ஆனால் கூச்சலிடவில்லை. கையருகே இருந்த டம்ளரைக் கவிழ்த்து மூடிவிட்டு, பேரனின் அறை வாசலில் நின்று அழைத்தார்: "எழுந்து வாப்பா. உன் அமானிதத்தை வந்து வாங்கிக்கொள்."

அது எங்கிருந்து வந்தது?

கிடைத்தவுடன் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்றே அனைவரும் எண்ணினோம். என் மைத்துனருக்கும் இப்போது கோபம் இல்லை, இரக்கம் வந்திருந்தது. "பாவம், இத்தனை காடு இருக்கிறது. கொண்டுபோய் விட்டுவிடலாம்" என்றார். அப்போது காப்பிக் கொட்டை கொண்டுவந்த மலையாளிப் பெரியவர் ஒருவர் டப்பாவை உற்றுப் பார்த்துவிட்டு, "பாய், இது நம்ம காட்டுதா, வெளிய இருந்து வந்ததா?" என்று கேட்டார். எங்களில் எவருக்கும் தோன்றாத கேள்வி அது. "வெளிய இருந்து வந்ததுன்னா நம்ம காட்டுல எதுக்கு விடுறீங்க?" என்றும் சொன்னார்.

பையனிடம் விடை இல்லை. மெக்சிகோ நாட்டுச் சிவப்பு முட்டிச் சிலந்தி என்று கடைக்காரர் சொன்னாராம். ரசீது இல்லை. குஞ்சுப் பருவத்தில் பல இனங்கள் ஒரே மாதிரி மங்கிய நிறத்தில் இருப்பதால், பார்த்தும் சொல்ல முடியாது. இந்த வணிகத்தின் அளவை அறிய ஒரு நிகழ்ச்சி போதும். 2021 ஜூலையில் சென்னையில் சுங்கத் துறையினர், போலந்து நாட்டிலிருந்து அஞ்சலில் வந்த ஒரு பொட்டலத்தைப் பிரித்தனர். பஞ்சிலும் வெள்ளித் தாளிலும் சுற்றிய 107 சிறு பிளாஸ்டிக் குப்பிகள். ஒவ்வொன்றிலும் உயிருள்ள ஒரு சிலந்தி. வனவிலங்குக் குற்றத் தடுப்புப் பிரிவினரும், இந்திய விலங்கியல் ஆய்வுத் துறை அறிவியலாளரும் சோதித்து, அவை தென், மத்திய அமெரிக்காவையும் மெக்சிகோவையும் சேர்ந்த டாரன்டுலாக்களாக இருக்கலாம் என்றனர். உரிய அனுமதியின்றி வந்தவை ஆதலால் போலந்துக்கே திருப்பி அனுப்ப முடிவாயிற்று. தமிழ்நாட்டு முகவரி ஒன்றுக்கு வந்த பொட்டலம் அது!

அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்த 1973இல் உருவான சைட்டிஸ் உடன்படிக்கையில் மெக்சிகோவின் சிவப்பு முட்டிச் சிலந்தி 1985இலேயே சேர்க்கப்பட்டுவிட்டது. நம் நாட்டு மரச்சிலந்திகளோ 2019இல்தான் அப்பட்டியலில் இடம்பெற்றன. அவற்றுள் ஒன்று வத்தல்மலைக்கு அண்டை நிலத்துக்கு உரியது. 1899இல் போக்காக் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர், சேலம் மாவட்டத்துக் காடையாம்பட்டியில் கிடைத்ததை வைத்து ஓர் அழகிய மரச்சிலந்தி இனத்தை உலகுக்கு விவரித்தார். சேலத்தின் பெயராலேயே ஆங்கிலத்தில் வழங்கும் அந்த இனம் இன்று அழியும் ஆபத்திலுள்ளவற்றுள் ஒன்று. அதே ஆண்டில் அவர் விவரித்த இன்னொன்று, ஆந்திரத்துக் குத்தி இரயில் நிலைய மரக்கிடங்கில் கிடைத்த நீலநிறச் சிலந்தி. அதற்குப் பின் ஒரு நூற்றாண்டு காலம் அதை எவரும் காணவில்லை. 2001இல் நந்தியால், கித்தலூர் இடையிலான காட்டில் மீண்டும் தென்பட்டது. இன்று உலகெங்கும் கண்ணாடிப் பெட்டிகளில் அதை வளர்க்கிறார்கள். அதன் சொந்தக் காடோ சுருங்கிக்கொண்டே போகிறது.

அந்தப் பெரியவரின் கேள்விக்கு இதுதான் பொருள். அயல்நாட்டு உயிரை நம் மலையில் விட்டால், ஒன்று அது மடியும். அல்லது பிழைத்து, இங்குள்ள உயிர்களுக்கு இடையூறாகும். நாம் இரக்கம் என்று நினைத்துச் செய்வது, பொறுப்பைக் காட்டின் தலையில் இறக்கி வைப்பதாகவே முடியும்.

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி சைட்டிஸ் பட்டியலிலுள்ள உயிரினத்தை வைத்திருப்பவர் அரசுக்கு அறிவித்துப் பதிவு செய்ய வேண்டும். அதற்கான விதிகள் 2024இல் வெளியிடப்பட்டன. இருபது ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியவை இந்த இனத்தின் பெண் சிலந்திகள். ஒரு சட்டையின் விலைக்கு அந்தப் பையன் வாங்கியது அத்தனை ஆண்டுப் பொறுப்பை.

மார்க்கம் காட்டும் வழி

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் பணிபுரிந்த அனஸ் (ரலி) அவர்களுக்கு அபூ உமைர் என்றொரு தம்பி இருந்தார். அச்சிறுவர் ஒரு குருவியை வைத்து விளையாடி வந்தார். அது இறந்து அவர் வாடியிருந்தபோது, அண்ணலார் குருவியைப் பற்றி அன்போடு விசாரித்து அவருக்கு ஆறுதல் அளித்ததைப் புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் காண்கிறோம். உயிர்களை அன்போடு வளர்ப்பதற்கு அனுமதி உண்டு என்பதற்கு அறிஞர்கள் இந்நிகழ்ச்சியைச் சான்று காட்டுவர். அதே நூல்களில்தான், பூனையைக் கட்டிப் போட்டு, உணவும் அளிக்காமல், தானே தேடி உண்ணவும் விடாமல் சாகடித்த பெண்ணுக்கு நரகம் கிடைத்த செய்தியும் வருகிறது. ஓர் எறும்பு கடித்ததற்காக எறும்புப் புற்றையே எரித்த நபி ஒருவரை இறைவன் கடிந்துகொண்ட செய்தியும் உண்டு. சிலந்தியின் பெயரால் ஓர் அத்தியாயமே அமைந்துள்ள வேதம் நம்முடையது.

இவற்றை ஒருசேர வைத்துப் பார்த்தால் வழி விளங்கும். ஓர் உயிரை மூடிக்குள் அடைத்த நொடியில் அது நம் அமானிதம் ஆகிவிடுகிறது. அதன் பசிக்கும் தாகத்துக்கும் நாமே பொறுப்பு. அதனால் பிறருக்குத் தீங்கு நேராமல் காப்பதற்கும் நாமே பொறுப்பு. பிறருக்குத் தீங்கிழைக்கலாகாது என்பது மார்க்கத்தின் அடிப்படை விதிகளுள் ஒன்றல்லவா? அந்தப் பையன் வளர்த்ததில்கூடப் பெரும் பிழை இல்லை. அறியாமல் வாங்கியது ஒரு பிழை. அதைவிடப் பெரியது, தங்கை தரையில் உறங்கப் போகும் வரை வாய் திறவாமல் இருந்தது.

பெற்றோரே, இங்கு நமக்கும் ஒரு பங்கு உண்டு. அவன் ஏன் சொல்லவில்லை? சொன்னால் முதலில் வருவது உதவியா, ஏச்சா என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. இன்று சிலந்தியை மறைத்த பிள்ளை, நாளை கடனை மறைப்பான், நோயை மறைப்பான். தவறைச் சொல்லும் பிள்ளைக்கு நம் வீட்டில் முதலில் கிடைப்பது பாதுகாப்பாகவும், கண்டிப்பு அதற்கு அடுத்ததாகவும் இருந்தால், அவன் சொல்லிவிடுவான்.

அடுத்த நாள் தந்தையும் மகனும் டப்பாவை எடுத்துக்கொண்டு மலையிறங்கித் தருமபுரியில் வனத்துறை அலுவலகத்துக்குச் சென்றனர். நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்து, குஞ்சை ஒப்படைத்தனர். என்ன சொல்வார்களோ என்ற அச்சம் இருவருக்கும் இருந்தது. "போகும்போது நான் அவனை ஒரு வார்த்தை திட்டவில்லை" என்று மைத்துனர் என்னிடம் பின்னர் சொன்னார். "உள்ளே நுழையும்போது என் கையைப் பிடித்துக்கொண்டான். ஐந்து வயதுக்குப் பிறகு இப்போதுதான் பிடித்தான்."

திரும்பி வந்த பையன் அந்தக் காலி டப்பாவை நெடுநேரம் கழுவிக்கொண்டிருந்தான். அவனுக்கு வருத்தம் இருக்கத்தான் செய்தது. அன்போடு வளர்த்த உயிர் அல்லவா? அவன் நன்னி அருகில் போய் அமர்ந்து, அந்தச் சிலந்தி என்ன தின்னும், எப்படித் தோலுரிக்கும் என்றெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அபூ உமைருக்குக் கிடைத்த ஆறுதல் போன்ற ஒன்று அவனுக்கும் கிடைக்கட்டும் என்று எண்ணி நான் எழுந்து வந்துவிட்டேன்.

நம் கையில் ஒப்படைக்கப்பட்ட உயிர்களையும், நம் பிள்ளைகளின் உள்ளங்களையும் பேணிக் காக்கும் பக்குவத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.